பின் கன் சீக்கிரம் தேயாமல் இருக்க: ஏர் நெய்லர் பராமரிப்பு முழு வழிகாட்டி

அம்பத்தூரில் சின்னதாக ஓர் இன்டீரியர் பட்டறை வைத்திருக்கிறேன். காற்றழுத்தத்தில் மெல்லிய ஆணி (பின்) அடிக்கும் பின் கன் மூன்று, சோபா வேலைக்கு இரண்டு ஸ்டேப்ளர், சுவரில் கான்கிரீட் ஆணி அடிக்க ஒரு எஸ்.டி. 64 கன், பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) ஆர்டர் வந்தால் மட்டும் வெளியே வரும், ஆணிச் சுருள் போட்டு அடிக்கும் ஒரு காயில் நெய்லர். பின் கன்களில் ஒன்றுக்கு இப்போது ஏழு வயது. அதே நாளில் அதே கடையில் வாங்கிய அதன் ஜோடி எட்டே மாதத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த எட்டு மாதமும் இரண்டும் ஒரே மாதிரி வேலைதான் செய்தன. அடித்த பின்களின் கணக்கும் ஏறக்குறைய சமம். ஒன்று பட்டறையில் என் கண் முன்னால் இருந்தது, இன்னொன்று சைட்டுக்குப் போனது. வித்தியாசம் அவ்வளவுதான்.

செத்ததைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே அடியைத் தாங்கும் பம்பர் ரப்பர் உடைந்து துண்டு துண்டாகக் கிடந்தது. பின்னை அடித்து இறக்கும் பிளேடிலும் ஸ்பிரிங்கிலும் செந்துரு, சிலிண்டர் சுவரில் வெள்ளைப் பூப்பு. காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் உப்பி, பள்ளத்தில் உட்காராமல் நெளிந்து நின்றன. மூன்றும் வேறு வேறு வியாதி. மூன்றுமே அந்த சைட்டில் நாங்கள் வரவழைத்துக்கொண்டவை. கம்பெனியைத் திட்ட வழியே இல்லை.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததையும் வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பாலும் எஃப் 30, எஃப் 50 (30, 50 மி.மீ. நீளம் வரை பின் அடிப்பவை) மாதிரி பின் கன்னை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஸ்டேப்ளருக்கும் எஸ்.டி.க்கும் காயில் நெய்லருக்கும் அளவுதான் மாறும், விஷயம் ஒன்றுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணெய் விட்டுப் பயனில்லை. கன்னின் கைப்பிடியே ஒரு சின்னக் காற்றுத் தொட்டி. ஹோஸைச் சொருகியதும் அதில் அழுத்தக் காற்று நிரம்பி நிற்கும். டிரிகரை அழுத்தினால், மேலே இருக்கும் ஹெட் வால்வை மூடிப் பிடித்திருந்த காற்று வெளியேறும். வால்வு திறக்கும், தொட்டிக் காற்று மொத்தமும் பிஸ்டன் தலையில் பாயும். பிஸ்டனோடு சேர்ந்த நீளமான எஃகுப் பட்டைதான் டிரைவர். நம் ஆட்கள் பிளேடு என்பார்கள். அது பின்னை மரத்தில் இறக்கும். பிஸ்டன் கடைசியில் பம்பர் ரப்பரில் மோதி நிற்கும். பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் காற்று வெளி அறைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். டிரிகரை விட்டதும் அந்தக் காற்றுதான் அடியிலிருந்து பிஸ்டனை மேலே தள்ளிவிடும். இத்தனையும் கண் சிமிட்டும் நேரத்துக்குள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். காற்று கொடுக்கும் விசையில் பின் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மரத்துக்குள் போகிறது. மீதி பம்பர் தலையில் விழுகிறது. பிளைவுட்டில் பீடிங் (ஓரத்து மரச்சட்டம்) அடிக்கிற 25 மி.மீ. பின்னுக்குக் கொஞ்சம் விசை போதும். நாம் அதற்கு இரண்டு மடங்கு கொடுத்தால், பின் வாங்கிக்கொள்ளாத அத்தனையையும் கன் வாங்கிக்கொள்கிறது. கன் தேய்வதில் பெரும்பங்கு இங்கேதான்.

முதல் வேலை: அழுத்தத்தைக் குறையுங்கள்

பிஸ்டனின் விட்டம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு ஏறக்குறைய 7 சதுர செ.மீ. 100 பி.எஸ்.ஐ.யில் (கேஜ் காட்டும் காற்றழுத்த அளவு) அதன் மேல் விழும் விசை சுமார் 50 கிலோ. 70 பி.எஸ்.ஐ.யில் அது 35 கிலோவுக்கு வந்துவிடும். வேலை அதேதான், பின் அதே ஆழத்துக்கு இறங்குகிறது. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் 15 கிலோ வித்தியாசம். ஒரு நாளைக்கு ஆயிரம் அடி அடித்தால் அந்த 15 கிலோ ஆயிரம் தடவை ஒரு ரப்பர் துண்டின் மேல் விழும்.

என் பட்டறையில் அழுத்தம் வைக்கும் முறை இது. முதலில் ரெகுலேட்டரை (கம்ப்ரஸரில் அழுத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு) நன்றாகக் குறைத்துவிடுங்கள். குறைத்ததும், ஹோஸில் பழைய அழுத்தம் தங்கியிருக்கும். அதனால் வேஸ்ட் கட்டையில் இரண்டு பின் அடித்து அதை இறக்குங்கள். பிறகு 60 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி வைத்தால்தான் கேஜ் காட்டுவது சரியாக இருக்கும். அன்றைக்கு அடிக்கப்போகும் அதே மரத்தின் வெட்டுத் துண்டில் நான்கைந்து பின் அடியுங்கள். தலை வெளியே துருத்தி நின்றால் 5 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். பின்னின் தலை மரப் பரப்புக்கு ஒரு மி.மீ. கீழே, பட்டி வைத்து மூடும் அளவுக்கு இறங்கியதா, அங்கேயே நிறுத்துங்கள். மூக்கில் ஆழம் திருத்தும் சக்கரம் உள்ள கன் என்றால், கடைசிச் சின்னத் திருத்தத்தை அதில் செய்யலாம். ஆனால் 110 வைத்துக்கொண்டு சக்கரத்தால் ஆழத்தைக் குறைப்பது வேறு. பின் குறைவாக இறங்கும், பம்பர் வாங்கும் அடி குறையாது. எதுவானாலும் கன் உடம்பில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டவே கூடாது.

தேக்கு, வேங்கை மாதிரி கெட்டி மரத்துக்கு 80, 90 கூடத் தேவைப்படும். சரி, தேவை என்றால் வையுங்கள். மறுபடி பிளைவுட்டுக்கு வரும்போது இறக்க மறக்காதீர்கள். நம் ஆட்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சைட்டில் அழுத்தத்தை ஏற்றுவதற்கு இன்னொரு காரணம் ஹோஸ். கடையில் 8 மி.மீ. பி.யு. (பாலியூரித்தேன்) ஹோஸ் என்று கொடுப்பார்கள். அந்த 8 வெளி விட்டம், உள்ளே 5 மி.மீ.தான் இருக்கும். கீழ்த் தளத்தில் கம்ப்ரஸர், மூன்றாவது மாடியில் கன், நடுவில் 30 மீட்டர் ஒல்லி ஹோஸ். நாலு பின் வேகமாக அடித்தால் ஐந்தாவது பாதியில் நிற்கும். "அண்ணே, பிரஷர் பத்தலண்ணே" என்று குரல் வரும். கீழே இருப்பவன் ரெகுலேட்டரை 120க்குத் திருகிவிடுவான். பையன் கொஞ்சம் நின்று நிதானமாக அடிக்கும்போது ஹோஸ் முழுக்க 120 நிரம்பி, அந்த முதல் அடி அப்படியே பம்பரைப் பிளக்கும். செத்துப்போன என் கன்னின் பம்பர் கதை இதுதான். 10 மி.மீ. ஹோஸ் வாங்குங்கள், உள்ளே 6.5 மி.மீ. இருக்கும். காற்று போகும் வழி ஏறக்குறைய 1.7 மடங்கு பெரிது. கம்ப்ரஸரையும் முடிந்தவரை மேலே தூக்கிப் போங்கள்.

காலி அடி

பின் போடும் மேகசினில் பின் இல்லாமல் அடிப்பதைக் காலி அடி என்போம். பின் இல்லையென்றால் விசையைப் பங்குபோட யாரும் இல்லை, மொத்தமும் பம்பருக்கும் பிளேடுக்கும்தான். மேகசினின் பக்கத்தில் பின் தெரிகிற ஜன்னல் வைத்திருப்பது இதற்காகவே. கடைசி ஐந்தாறு பின் இருக்கும்போதே அடுத்த ஸ்ட்ரிப்பைப் (வரிசையாக ஒட்டிய பின்கள்) போடச் சொல்லிப் பழக்குங்கள். வாங்கும்போது, பின் தீர்ந்தால் தானாக நின்றுகொள்ளும் வசதி உள்ள கன் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள். புதுப் பையன்கள் கையில் கொடுக்கும் கன்னுக்கு இது கட்டாயம். வயதுப் பிள்ளை கையில் கன் கிடைத்தால் காற்றில் இரண்டு அடி அடித்துப் பார்க்காமல் இருக்க மாட்டான். பார்த்தால் திட்டுங்கள். கன்னுக்காக மட்டுமில்லை, உள்ளே ஒரு பின் ஒட்டிக்கொண்டிருந்தால் அது யார் கண்ணில் போகும் என்று தெரியாது. கண்ணாடி போடாமல் யாரும் கன்னைத் தொடக் கூடாது.

சென்னைக் காற்றும் தண்ணீரும்

மற்ற ஊர்க்காரர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போகலாம். நம்மால் முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம், அதாவது இங்கே ஒரு சாதாரணக் காலை. அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை 7 பார் (சுமார் 100 பி.எஸ்.ஐ.) அழுத்தத்துக்கு அமுக்கினால், வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்து, எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தச் சுருங்கிய காற்று, ஆறிய பிறகு, 4 கிராம் ஆவியைத்தான் தாங்கும். மீதி 21 கிராம் தண்ணீராக விழுந்தே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று தரும் சின்னக் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 6 கன மீட்டர், அதாவது 125 மில்லிக்கும் மேலே தண்ணீர். ஒரு டீ டம்ளர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரப்பதம் 90ஐத் தொடும்போது இன்னும் கூடும்.

இந்தத் தண்ணீர் டாங்கியின் அடியில் தேங்கும், மிச்சம் ஹோஸ் வழியாகக் கன்னுக்குள் போகும். போகிற வழியில் நீங்கள் காலையில் விட்ட எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். எண்ணெய் போனால் ஓ-ரிங் வறண்ட சுவரில் உரசும். எஃகுப் பாகங்களில் துரு பிடிக்கும், அந்தத் துருத்தூளே உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும். திருவான்மியூர், எண்ணூர், ஈ.சி.ஆர். பக்கம் வேலை என்றால் காற்றிலேயே உப்பும் சேர்ந்து வரும்.

தினமும் சாயங்காலம் கம்ப்ரஸரை நிறுத்தி, டாங்கியில் 20, 30 பி.எஸ்.ஐ. மிச்சம் இருக்கும்போது அடியில் உள்ள வடிகால் வால்வைத் திறங்கள். அந்த அழுத்தமே தண்ணீரைத் துப்பிவிடும். டாங்கியைக் கொஞ்சம் வால்வுப் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். இரவு முழுக்கத் திறந்தே இருக்கட்டும். அடைமழைக் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் ஒருமுறை. இது கன்னுக்கு மட்டுமில்லை, டாங்கியும் உள்ளேயிருந்துதான் துருப்பிடிக்கும். மெலிந்துபோன டாங்கி அழுத்தத்தில் வெடிக்கும். வடிகால் வால்வு துருப்பிடித்துத் திருக வராத கம்ப்ரஸர்களைச் சைட்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று இருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

வாட்டர் செப்பரேட்டர் பற்றி ஒரு தவறான பழக்கம் இருக்கிறது. அதைக் கம்ப்ரஸரின் வாயிலேயே மாட்டிவிடுகிறோம். அங்கே காற்று இன்னும் சூடாக இருக்கும், தண்ணீர் ஆவியாகவே செப்பரேட்டரைத் தாண்டிப் போய், ஹோஸில் ஆறி, கன்னில் விழும். செப்பரேட்டர் பிடிப்பது சொட்டுகளை மட்டும்தான். சில மீட்டர் ஹோஸ் விட்டு, காற்று ஆறிய இடத்தில், கன்னுக்குப் பக்கமாக மாட்டுங்கள். கம்ப்ரஸரையும் வெயிலில் வைக்காதீர்கள். சர்க்குலர் ரம்பத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம், அது இழுக்கும் காற்றோடு மரத்தூளும் போகும். காற்று இழுக்கும் இடத்தில் உள்ள ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

எண்ணெய்: எது, எவ்வளவு, எங்கே

முதலில் கன்னோடு வந்த தாளைப் பாருங்கள். எண்ணெய் தேவைப்படாத கன்களும் விற்கிறார்கள். அவற்றின் உள்ளே கம்பெனியே கிரீஸ் வைத்திருக்கும். அதில் எண்ணெய் விட்டால் கிரீஸ் கரைந்துபோகும். எண்ணெய் கேட்கிற கன் என்றால் ஏர் டூல் ஆயில், நியூமாடிக் ஆயில் என்று தனியாகக் கிடைக்கும் மெல்லிய எண்ணெயை வாங்குங்கள். பிராட்வே, செம்புதாஸ் தெருப் பக்கம் ஏர் டூல் விற்கும் எந்தக் கடையிலும் இருக்கும். காற்று நுழையும் வாயில் இரண்டு மூன்று சொட்டு, காலையில் வேலை தொடங்கும் முன் ஒருமுறை, மதியத்துக்குப் பிறகு ஒருமுறை. விட்டதும் வேஸ்ட் கட்டையில் நாலைந்து பின் அடியுங்கள், எண்ணெய் பரவும். அதிகமாக விட்டால் காற்று வெளியேறும் எக்ஸாஸ்ட் வழியாக எண்ணெய்த் துளி தெறித்து, பாலிஷ் போட வைத்திருக்கும் வெனீரில் (மெல்லிய மரத்தாள்) கறை விழும். பிறகு அந்த இடத்தில் பாலிஷ் ஒட்டாது.

எதை விடக் கூடாது என்பதுதான் பெரிய பட்டியல். வண்டி என்ஜின் ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் மருந்துகள் கலந்திருக்கும், இந்த வேலைக்கு அது கெட்டி, பிசுக்கும்கூட. துருக் கழற்றும் ஸ்பிரே ஒரு கரைப்பான். அடித்த உடனே கன் ஜோராக ஓடுவது போலத் தெரியும், உள்ளே இருந்த எண்ணெயை அது கழுவிவிட்டிருக்கும். மண்ணெண்ணெயும் அப்படியே. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், மார்கழிக் காலையில் குளியலறை பாட்டிலில் உறைந்து நிற்பது போலத்தான் கன்னுக்குள்ளும் நிற்கும். தலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. அவசரத்துக்கு ஒரு நாள் விட்டுக்கொள்ளலாம், மெல்லிய மினரல் எண்ணெய்தான் அது.

அப்புறம் தின்னர். என் கன்னின் ஓ-ரிங்குகள் உப்பியதற்குக் காரணம் இதுதான். ஓ-ரிங்குகள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். மினரல் எண்ணெயை அது நன்றாகத் தாங்கும். பாலிஷில் கலக்கும் என்.சி. தின்னரில் உள்ள டொலுயின் மாதிரி கரைப்பான் பட்டால் ஊதிவிடும். சைட்டில் பாலிஷ்காரர் வைத்திருந்த தின்னரைக் காற்று வாயில் ஊற்றி, "உள்ள சுத்தமாயிடும்ணே" என்று கழுவியிருக்கிறார்கள். சுத்தமானது உண்மைதான். மறுநாள் பிஸ்டன் மேலே ஏறவில்லை.

எண்ணெய் போட்டு ஓடும் கம்ப்ரஸர் என்பதால் கன்னுக்குத் தனியாக எண்ணெய் வேண்டாம் என்று ஒரு பேச்சு உண்டு. கம்ப்ரஸரிலிருந்து கசிந்து வரும் எண்ணெய் சூட்டில் கருகிய பழைய எண்ணெய். அதை நம்பிக் கன்னை ஓட்டாதீர்கள்.

பின், மூக்கு, மேகசின்

எஃப் வகை பின்னின் தடிமன் 1.25 × 1 மி.மீ. மூக்கில் அது போகும் வழியும் அதே அளவுக்கு நெருக்கமாகக் கடைந்தது. மலிவான ஸ்ட்ரிப்பில் சில பின்கள் தடித்தோ கோணலாகவோ இருக்கும், ஒட்டியிருக்கும் பசையும் அதிகம். அடிக்க அடிக்க அந்தப் பசை மூக்குக்குள் படிந்து பிளேடை இறுக்கும். வாரம் ஒருமுறை காற்றைக் கழற்றி, மூக்கைத் திறந்து, பழைய பல்துலக்கியால் துடைத்தெடுங்கள். பசை கெட்டியாக இருந்தால் துணி நுனியில் துளி தின்னர் தொட்டு மூக்கை மட்டும் துடைக்கலாம். கன்னை மூக்கு கீழே இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு சொட்டுகூட உள்ளே ரப்பர் பக்கம் இறங்கக் கூடாது.

மேகசினுக்கு எண்ணெயே வேண்டாம். எண்ணெய் பட்டால் எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) தூள் மாவாக ஒட்டி, பின்னைத் தள்ளும் புஷர் மெதுவாகும். பின் முழுதாக முன்னால் வராத நேரத்தில் பிளேடு இறங்கினால் பின்னின் ஓரத்தில் அடித்து வளைக்கும், பிளேடின் முனையும் ஒரு பக்கமாகச் சிதையும். காய்ந்த துணி போதும். மழைக்காலத்தில் பின் அட்டைப்பெட்டி ஈரம் குடித்து, ஸ்ட்ரிப்பில் துரு ஏறும். எங்கள் பட்டறையில் மூடி இறுகும் பழைய பிஸ்கட் டப்பாவில்தான் பின் இருக்கும்.

பின் சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள், அப்புறம்தான் மற்றது. மூக்குத் தாழ்ப்பாளைத் திறந்து நோஸ் பிளையரால் இழுங்கள். ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுத்தியால் தட்டினால் அந்த வழியில் கீறல் விழும், அந்தக் கீறலில் அடுத்த பின் சிக்கும். கன்னில் மாட்டும் கப்ளர் முனை (ஹோஸ் சொருகும் இடம்), ஹோஸைக் கழற்றியதும் காற்றை முழுக்க வெளியே விடும் வகையாக இருக்க வேண்டும். காற்றை உள்ளேயே பிடித்துவைக்கும் முனையை மாட்டியிருந்தால், ஹோஸ் இல்லாத கன்கூட ஒருமுறை சுடும்.

பிரித்து ஓ-ரிங்கும் பம்பரும் மாற்றுவது

இதைக் கடையில் கொடுத்தால் இரண்டு நாள் ஆகும். நாமே செய்தால் முக்கால் மணி நேரம். தினமும் ஓடும் கன் என்றால் வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதே செய்துவிடுவது எங்கள் பழக்கம். பொட்டு வைப்பதற்கு முன்னால் வயிற்றைத் திறந்து பார்த்துவிடுவோம்.

ஹோஸைக் கழற்றி, மேகசினைக் காலி செய்து, வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். தலை மூடியில் நான்கு ஆலன் போல்ட் இருக்கும். கழற்றும்போது மூடியை ஒரு கையால் அழுத்திக்கொள்ளுங்கள், அடியில் ஸ்பிரிங் இருக்கும். மூடி, கேஸ்கெட், ஸ்பிரிங், ஹெட் வால்வு என்று வருகிற வரிசையிலேயே துணியில் இடமிருந்து வலமாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் செல்லில் ஒரு படம். ஹெட் வால்வு எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது படத்தில் தெரிய வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டு அரைநாள் மண்டையை உடைத்திருக்கிறேன்.

மூக்கு வழியாக மெல்லிய பித்தளைக் கம்பியால் பிளேடை மேலே தள்ளுங்கள், பிஸ்டன் வெளியே வரும். சிலிண்டரையும் இழுத்தெடுத்தால் அடியில் பம்பர். இப்போது பாருங்கள். பம்பரில் வெடிப்பு, ஓரத்தில் கிழிசல், அமுங்கிச் சப்பையான தடம், ஏதாவது ஒன்று இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். பம்பர் துண்டு உடைந்து சிலிண்டர் ஓட்டைகளில் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளேடைக் கண்ணாடி மேல் வைத்தால் வளைவு தெரிந்துவிடும். முனை சதுரமாக இருக்க வேண்டும். லேசாக உருண்டிருந்தால் நுணுக்கமான எண்ணெய்க் கல்லில் கையால் தேய்த்துச் சமன் செய்யலாம். கிரைண்டரில் வைத்தால் சூடேறி நீலம் பாயும், அந்த எஃகின் கடினம் போய்விடும். நிறையத் தேய்த்துவிட்டாலும் பிளேடு குட்டையாகி, பின் தலை மேலேயே நிற்கும். ஆட்கள் பிரஷரை ஏற்றுவார்கள், கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஓ-ரிங்குகளை மர டூத்பிக்கால் எடுங்கள். ஊசியால் நெம்பினால் பள்ளத்தில் கீறல் விழும். அந்த மாடலுக்கான ரிப்பேர் கிட் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்கவில்லையென்றால் பழைய ரிங்கைக் கையோடு எடுத்துப்போய், உள் விட்டமும் கம்பித் தடிமனும் வெர்னியரில் ஒத்துப்பார்த்து நைட்ரைல் ரிங்தான் என்று கேட்டு வாங்குங்கள். உப்பிய ரிங்கை அளந்து வாங்கினால் தப்பான அளவுதான் வரும், பள்ளத்தின் அளவைப் பாருங்கள். எல்லாவற்றையும் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, புது ரிங்குகளில் சிலிகான் கிரீஸை விரல் நுனியால் மினுக்கென்று தெரியும் அளவுக்குத் தடவி, வந்த வரிசைக்கு எதிர் வரிசையில் போடுங்கள். ரிங் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். போல்ட்டுகளைக் கையால் பிடித்து, பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். உடம்பு அலுமினியம், பலம் காட்டினால் மரை உருவிக்கொண்டு வரும்.

முடித்ததும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பின் போடாமல், 60 பி.எஸ்.ஐ.யில் ஹோஸைச் சொருகி, டிரிகரைத் தொடாமல் காது கொடுங்கள். கசிவு எங்கே என்பதே வியாதி எது என்று சொல்லிவிடும். சும்மா இருக்கும்போதே எக்ஸாஸ்டில் சீறினால் ஹெட் வால்வு ரிங். டிரிகர் பக்கம் சீறினால் டிரிகர் வால்வு ரிங். மூடி ஓரத்தில் என்றால் கேஸ்கெட் அல்லது போல்ட். பிறகு பின் போட்டுக் கட்டையில் ஓர் அடி அடித்து, டிரிகரைப் பிடித்தபடியே இருங்கள். மூக்குப் பக்கம் காற்று வந்தால் பிஸ்டன் ரிங்கோ பம்பரோ சரியாக உட்காரவில்லை. அடித்த பிறகு பிளேடு மேலே போகாமல் மூக்கில் எட்டிப் பார்த்தால் எண்ணெய் இல்லை, அல்லது வெளி அறையின் ரிங் போயிருக்கிறது, அல்லது பிளேடு வளைந்திருக்கிறது. சந்தேகம் இருக்கும் இடத்தில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

மற்ற வகைகள்

எஸ்.டி. 64 கான்கிரீட்டில் அடிப்பதால் அதிக அழுத்தத்தில்தான் ஓடும். அதில் பம்பர் சீக்கிரம் போகும், அதை ஒத்துக்கொண்டு கையில் ஒரு பம்பர் வைத்திருங்கள். காயில் நெய்லரில் ஆணிச் சுருளை ஒவ்வொன்றாக இழுத்துவரும் நகம் ஒன்று இருக்கும், அங்கே தூசியும் கம்பித் துண்டும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். கேஸ் குப்பி போட்டு ஓடும் நெய்லரில் எரிபொருள் உள்ளேயே எரிவதால் கரி படியும், தாளில் சொன்ன இடைவெளியில் கழுவ வேண்டும். பேட்டரி நெய்லர்களில் முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் சுழலும் சக்கரம் பிளேடைப் பிடித்து எறியும், அதில் எண்ணெய் பட்டால் சக்கரம் வழுக்கும். இன்னொன்றில் அழுத்தக் காற்று நிரந்தரமாகச் சிலிண்டரில் அடைத்து வைத்திருக்கும். அதைப் பட்டறையில் திறக்கவே கூடாது.

எந்தக் கன்னாக இருந்தாலும் ஒன்று. கம்ப்ரஸர் கெட்டுப்போன நாளில் பக்கத்து வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரில் சொருகிப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால், அவரைச் சைட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் அழுத்த ஆக்சிஜன் போனால் கன் வெடிக்கும்.

மூடி வைக்கும் முன்

வாரக் கடைசியில், அல்லது ஒரு சைட் முடிந்து அடுத்தது வரும் வரை கன் சும்மா இருக்கப்போகிறது என்றால், மூன்று சொட்டு எண்ணெய் விட்டு நாலைந்து பின் அடித்து, ஹோஸைக் கழற்றி, மேகசினைக் காலி செய்து, காற்று வாயில் ஒரு மூடி போட்டுப் பெட்டியில் வையுங்கள். வண்டியின் டிக்கியில், சித்திரை வெயிலில் விடாதீர்கள், ரப்பர் கெட்டித்துப்போகும்.

செத்த கன்னைத் தூக்கிப் போடவும் வேண்டாம். என்னிடம் இருக்கும் அந்த எட்டு மாதக் கன்னிலிருந்து தலை போல்ட் இரண்டு, மேகசின் புஷர், மூக்குத் தாழ்ப்பாள் மூன்றும் இப்போது அதன் ஏழு வயது ஜோடியில் ஓடுகின்றன.